கணவாயில் பார்த்தவன் சொல்லட்டும்

ஏப்ரல் 14, வைலாபாம்பா முகாம்

டூரிஸ்ட் கம்பெனிக்காரர்கள் எங்கள் முதுகைத் திருடுகிறார்கள். கோபத்தில் எழுதுவதல்ல. இன்று காலையிலும் நடந்தது.

மச்சு பிச்சுவுக்கு ஏறும் மலைப்பாதை தொடங்கும் வாசலில் தராசு இருக்கிறது. சுமை தூக்குகிறவன் இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, பெண் என்றால் பதினைந்து. சட்டம். அதைக் காக்க ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் வரிசையாகப் போய் மூட்டையைக் கொக்கியில் மாட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு நகர்கிறோம். அதே நேரத்தில் ஆற்றங்கரைப் பாதையில் உள்ளூர்க்காரி ஒருத்தி முதுகில் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து போகிறாள். ஊர்க்காரர்களுக்குத் தராசு கிடையாது. பிள்ளைக்கும் கிடையாது. அந்தப் பிள்ளை சமையல் கூடாரத்தின் பெரிய கேஸ் சிலிண்டர்.

வளைவு தாண்டியதும் அவள் துணியை அவிழ்த்தாள். வழக்கம்போல ஆளாளுக்குக் கிண்டல்.

"யாரு ஜாடை?"

"அப்பன் ஜாடைதான். கழுத்தே இல்ல பாரு."

"பால் குடுத்தியா? ரொம்ப கனக்குறானே."

என் அண்ணன் எலிசேயோ சிரித்துக்கொண்டே வந்து, "குடு, பிள்ளையை மாமன் தூக்குறேன்" என்று வாங்கித் தன் மூட்டைமேல் கட்டிக்கொண்டான். எப்போதும் அவன்தான். வலுவானவன் என்று பெயர் வாங்கியதற்குத் தண்டனை. காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்தான். இறக்கு, பிரித்துத் தூக்கலாம் என்றேன்.

"போடி. நாளைக்கு அந்தச் 'செத்தவள் கணவாய்' உச்சியைத் தாண்டினா அப்புறம் இறக்கம்தானே."

வில்பெர் அந்த நேரத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். கைடு லைசென்ஸ் வாங்கிய பிறகு முழுப் பொறுப்போடு அவன் வரும் முதல் பயணம். அவனும் அண்ணனும் ஒன்றாகச் சுமக்க வந்தவர்கள். அதே சிலிண்டரை அவனும் தூக்கியிருக்கிறான். இன்று அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மாலையில் என்னைக் காட்டி டூரிஸ்ட்டுகளிடம் ஏதோ சொன்னான். "எங்கள் முதல் பெண் சுமைக்காரர்களில் ஒருத்தி" என்றானாம். தன்னோடு ஒரே அடுப்பில் சமைத்து ஒரே போர்வையில் தூங்குகிறவள், ஆகஸ்டில் கல்யாணம் என்று சொல்லவில்லை. சொன்னால் கைடுக்கு மதிப்பு குறையுமாம். சரி. புது வேலை, பயம் இருக்கும். அண்ணனும் அதைத்தான் சொன்னான்: "விடுடி. மச்சான் இன்னும் தொப்பியே பழகல."

ஏப்ரல் 15, பகாய்மாயு

மழை. நான் முன்னால் வந்து கூடாரம் போட்டுவிட்டேன். சின்ன சிலிண்டரில் சூப் வைத்திருக்கிறோம். பெரியது இன்னும் கணவாயைத் தாண்டி வரவில்லை. அண்ணன் வரவில்லை. டூரிஸ்ட்டுகளே வந்துவிட்டார்கள். கைடும் வரவில்லை, உதவி கைடு மட்டும்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான் —

ஏப்ரல் 19, வீடு

நேற்று அண்ணனைப் புதைத்தோம்.

எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதலாம்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே விழுந்தான். மூட்டையோடு. போர்வையில் போட்டு வந்த வழியே வைலாபாம்பாவுக்குத் தூக்கிப்போனார்கள். நான் மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி ஓடிச் சேர்ந்தபோது அங்கே காவல் சாவடித் திண்ணையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். குழுவில் ஸ்ட்ரெச்சர் இருந்தது. அது பயணிகளுக்கானது, பயணம் தொடர்கிறது, கூடவே போகவேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் மச்சு பிச்சுவரை போய்விட்டு வந்தது. அண்ணன் போர்வையில் வந்தான்.

அவன்மேல் சாராய வாசனை. சட்டை, மேலே போர்த்தியிருந்த போன்சோ, கழுத்து — எல்லாவற்றிலும். சாவடியில் இருந்தவன் மூக்கைச் சுளித்தான். மறுநாளே கம்பெனி சொல்லிவிட்டது: வேலை நேரத்தில் குடித்திருந்தான். நிலையில்லாமல் விழுந்தான். எங்கள் பொறுப்பு இல்லை.

எலிசேயோ. குடித்திருந்தானாம்.

சபையில் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து சோளக் கள்ளுகூடத் தொடாதவன். அறுவடையில் எல்லோரும் குடிக்கும்போது தண்ணீர்க் குவளையைத் தூக்கிக் காட்டி "எனக்கு இதுலயே ஏறிடும்" என்பவன்.

அடக்கத்தில் பாஸ்டர் "கர்த்தருக்குள் நித்திரை அடைந்த சகோதரன்" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வார். ஆட்டுத் திருடன் லூச்சோவுக்குக்கூடச் சொன்னார். அண்ணனுக்கு, "மனுஷனுடைய பலவீனத்தைக் கர்த்தர் அறிந்திருக்கிறார்" என்றார். அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். அழக்கூட உரிமை இல்லாதவள்போல.

வில்பெர் குழியில் மண் தள்ளினான். எல்லோரையும்விட அதிகமாக.

ஏப்ரல் 24

வில்பெரிடம் கேட்டேன். படுக்கப்போகும்போது, அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது.

"அவன் கூட இருந்தது நீ. என்ன ஆச்சு?"

"மயங்கி விழுந்தான். சொன்னேனே."

"குடிச்சிருந்தானா?"

"வாசனை வந்துச்சு நொயெமி."

"குடிச்சிருந்தானான்னு கேட்டேன்."

"அசதியா இருக்கு. நாளைக்குப் பேசலாம்."

பேசவில்லை.

ஏப்ரல் 27

இன்றும் பேசவில்லை. கைடு வகுப்பில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியங்களைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறான். உங்களுக்கு எப்படி இருக்கிறது? மெதுவாக மூச்சு விடுங்கள். நான் உங்களுடன் இருக்கிறேன்.

மே 3

ஒயாந்தாய்தாம்போ சந்தையில் தொரிபியோவைப் பார்த்தேன். சுமைக்காரர்களின் மேஸ்திரி, அப்பாவின் வயது. என்னைக் கண்டதும் வெங்காயக் கடைக்குள் நுழைந்துவிட்டார். வெங்காயம் வாங்குகிற ஆளே இல்லை அவர். பின்னாலேயே போனேன்.

"மாமா, என்னைப் பாத்து ஏன் ஒளியுறீங்க?"

"ஒளியலம்மா. வெங்காயம்..."

"வீட்டுல மாமிதானே வாங்குவாங்க."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். கடைக்காரி போகும்வரை காத்திருந்தார்.

"உங்க அண்ணன் குடிக்கலம்மா."

"தெரியும்."

"தெரியாது உனக்கு. நீ நம்புற, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். நான் பக்கத்துல இருந்தேன். விழுந்ததும் மூச்சு இழுக்குது, உதடு நீலம். மலையில மயக்கம் வந்தா கரும்புச் சாராயத்தை நெஞ்சுல தேச்சு, உள்ளங்கையில ஊத்தி மூக்குகிட்ட வைப்போம்ல. அதைத்தான் பண்ணாங்க. கை நடுக்கத்துல பாதி பாட்டில் அவன் மேலேயே கொட்டிப்போச்சு. ஒரு சொட்டு வாய்க்குள்ள போகல."

"யாரு ஊத்துனது?"

தொரிபியோ மாமா மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

"பாட்டில் யாரு பையில இருக்கும்? கைடு பையிலதானே. வீட்டுல கேளு."

இதை ஏன் சாவடியில் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்று நினைக்கிறேன், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னேம்மா. கைடு என்ன சொல்றாருன்னு கேட்டாங்க. சுமைக்காரன் பேச்சை எழுதுறதுக்கு அவங்க பேனாவுல மை இல்ல."

மே 4

நேற்று மாலை நடந்தது. இப்போதுதான் எழுதக் கை வந்தது.

பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்தேன்.

"நீதான் ஊத்துனியா?"

பிரஷ் நின்றது.

"மூச்சே வரல நொயெமி. கையில இருந்தது அதுதான். டூரிஸ்ட்டுக்குத் தலை சுத்தினா அதைத்தானே பண்றோம்? எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஆக்ஸிஜன் பாட்டில் இருந்துச்சே."

"அது... பின்னாடி வந்த ஒரு டூரிஸ்ட்டு அம்மாவுக்கு முடியலை. அவங்களுக்குத் தேவைப்பட்டா..."

"தேவைப்பட்டுச்சா?"

"இல்ல."

அந்த "இல்ல"வைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அப்போது அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அப்புறம் குடிச்சான்னு எதுக்குச் சொன்னே?"

"நான் சொல்லல. சத்தியமா சொல்லல. வாசனை வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னேன். வந்துச்சுதானே?"

"யாரு ஊத்துனதுன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"நீயா சொல்லலையா?"

பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? மூட்டை எவ்ளோ கனம்னு கேப்பாங்க. சிலிண்டர் எப்படி வாசலைத் தாண்டுச்சுன்னு கேப்பாங்க. கம்பெனி என்னைத்தான் முன்னாடி தள்ளும். லைசென்ஸ் போயிரும். எத்தனை வருஷம் நொயெமி! உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? அவன் குஸ்கோவில் படித்த வருஷங்களில் நான் சுமந்தேன். முட்டி வீங்கச் சுமந்தேன். என் அண்ணன் சுமந்தான், "மச்சான் கைடானா நமக்கு ஒரு குரல் கிடைக்கும்டி" என்று. கிடைத்துவிட்டது குரல். வாசனை வந்துச்சு.

"செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. இருக்கிறவங்க வாழணும்ல?" என்றான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாழ்வது வழக்கம். ஒத்துவரவில்லை என்றால் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு தாய்வீடு போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒத்துவருகிறதா என்று எங்களை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. சந்தையில் என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே சிரிப்பான். நான் சுமை இறக்கினதும் என் தோளில் கயிறு பதிந்த தடத்தை விரலால் தேய்த்துவிடுவான்.

மே 5

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 11

அம்மா அண்ணனுடைய போன்சோவை மறுபடி துவைத்தாள். எத்தனையாவது முறை என்று தெரியவில்லை. ஓடைக்குப் போகிறாள், கல்லில் அடிக்கிறாள், வேலியில் காயப்போடுகிறாள், காய்ந்ததும் முகத்தில் வைத்து மோந்து பார்க்கிறாள். பிறகு திரும்ப ஓடைக்கு.

வாசனை போய்விட்டது. எனக்குத் தெரியும், நானும் மோந்து பார்த்தேன். ஆட்டு ரோமமும் சோப்பும்தான். அம்மாவுக்கு மட்டும் வருகிறது.

அண்ணி சபினா ஒன்றும் பேசுவதில்லை. சபையில் பெண்கள் சாட்சி சொல்லும் வரிசையில் இந்த வாரம் அவள் முறை. அடுத்த மாதம் பார்க்கலாம் சகோதரி என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா முன்பு முதல் பெஞ்சில் உட்காருவாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் வில்பெரோடு போய் இருந்தது சபைக்குப் பிடிக்காததால் நடுப்பெஞ்சுக்கு வந்தாள். இப்போது கதவோரம்.

இன்று சொல்லிவிட்டேன். சாராயம் எப்படி வந்தது, யார் ஊற்றியது, முதுகில் என்ன இருந்தது — எல்லாம். அம்மா ஈரப் போன்சோவைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"தொரிபியோ சொன்னானா?"

"ஆமா."

"அவன் நல்லவன். யாரு அழுதாலும் அவங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுவான்."

"வில்பெரே ஒத்துக்கிட்டான்மா என்கிட்ட."

"உன்கிட்ட. நீ கூடப் பொறந்தவ. எலிசேயோ ஆட்டைக் கொன்னு தின்னிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவ." போன்சோவை உதறினாள். முகத்தில் தண்ணீர் தெறித்தது. "கணவாயில பாத்தவன் சொல்லட்டும். என் முன்னாடி நின்னு சொல்லட்டும். நான் நம்புறேன்."

அம்மா, நீ நம்பாமல் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய். இருக்கிறது.

மே 20

குஸ்கோவில் கம்பெனி அலுவலகம். கண்ணாடி மேசை. சுவரில் எங்கள் ஆட்கள் சிவப்பு போன்சோவில் பல்லைக் காட்டி நிற்கும் பெரிய படம். அதில் அண்ணனும் இருக்கிறான், ஓரத்தில். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் காட்டினேன். "அப்படியா? அழகா இருக்காரே" என்றாள். வருத்தமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கைடு தன் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னால் மறுபடி பார்ப்போம் என்றாள். எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டுகிறார்கள். அவன்தான் என்னுடையவனாக இருந்தான்.

கிளம்பும்போது, "வேலைக்கு வரீங்களா? பெண் சுமைக்காரர்களை டூரிஸ்ட்டுகள் விரும்பிக் கேக்குறாங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன். யார் கைடாகப் போகும் குழுவுக்கு என்பதையும் சொன்னேன்.

ஜூன் 9, வைலாபாம்பா

சிலிண்டர் வாசலைத் தாண்டியது. அதே உள்ளூர்க்காரி, அதே துணி. யாரும் கிண்டல் செய்யவில்லை. இப்போது வேறொருவன் தூக்குகிறான்.

வில்பெர் என்னை வரிசையில் பார்த்ததும் வெளுத்துவிட்டான். பிறகு வந்து தாழ்ந்த குரலில், "முட்டி எப்படி இருக்கு?" என்றான். அந்த ஒரு கேள்வியில் நான் எவ்வளவு இளகினேன் என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஜூன் 10

அண்ணன் விழுந்த இடத்தைத் தாண்டினேன். ஒன்றுமே இல்லை. புல், ஈரக் கல். டூரிஸ்ட்டு ஒருவர் அங்கே உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தார். சரியாக அங்கே. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கித் தின்றேன்.

ஜூன் 11, வினாய் வைனா

பயணத்தின் கடைசி மாலை ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே நாங்கள் போன்சோ போட்டு வரிசையாக நிற்போம். ஒவ்வொருவரும் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை என்று எங்கள் கெச்சுவா மொழியில் சொல்லவேண்டும். கைடு இங்கிலீஷில் சொல்வான். டூரிஸ்ட்டுகள் கை தட்டுவார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல என்று அண்ணன் சொல்வான்.

இன்றும் நின்றோம். வெளிச்சம் இருந்தது, பனி இன்னும் இறங்கவில்லை. சமையல்காரர் முதலில் சொன்னார். பிறகு தொரிபியோ மாமா: "பேரு தொரிபியோ. பிள்ளைங்க ஆறு. ஒவ்வொரு பயணம் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் ஒண்ணு. அதான் இப்ப மெதுவா இறங்குறேன்." எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வில்பெர் மொழிபெயர்த்ததும் டூரிஸ்ட்டுகளும் சிரித்தார்கள். நன்றாகத்தான் மொழிபெயர்க்கிறான். சிரிப்பைக்கூடத் தாண்டவைக்கத் தெரிகிறது.

என் முறை.

"என் பேரு நொயெமி. ஏப்ரல்ல இந்தப் பாதையில செத்துப்போன எலிசேயோவோட தங்கச்சி. அவன் குடிக்கல. தராசுக்குத் தெரியாம கொண்டுவந்த சிலிண்டர் அவன் முதுகுல இருந்துச்சு. நெஞ்சு அடைச்சு விழுந்தான். சாராயத்தை அவன் மேல ஊத்தினது இங்க நிக்கிற கைடு. காப்பாத்தத்தான் ஊத்துனான். ஆனா குடிகாரன்னு எழுதினப்போ வாயை மூடிக்கிட்டான். வில்பெர், நான் சொன்னதை அப்படியே இவங்களுக்குச் சொல்லு."

எங்கள் வரிசையில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தவர்கள் அசைவதை நிறுத்தினார்கள். தொரிபியோ மாமா தொப்பியைக் கழற்றினார்.

டூரிஸ்ட்டுகள் புன்னகையோடு அவனைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடி — சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். தெரியும் எனக்கு அந்த முகம். எனக்குத் தெரியாத முகம் அவனிடம் இல்லை என்றுதான் இருந்தேன். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. எனக்கு அந்த மொழியில் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். தண்ணீர், ஜாக்கிரதை, சூப். இன்று அவன் பேச்சில் மூன்று வார்த்தை பிடிபட்டது. அண்ணன். மலை. சந்தோஷம்.

கை தட்டினார்கள். எல்லோருக்கும் தட்டியதைவிடப் பலமாக. நரைத்த தலை அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். ஷாம்பூ வாசனை. என் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பிறகு தொரிபியோ மாமாவிடம் கேட்டேன், அவருக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். சொல்ல மாட்டேன் என்றார். விடவில்லை.

"அண்ணன் நடந்த பாதையில நீயும் நடக்குறது உனக்குப் பெருமையாம். இந்த மலை உங்க குடும்பத்துக்குச் சோறு போடுதாம். அவங்க வந்ததுல உனக்கு ரொம்ப சந்தோஷமாம்."

ஸ்பானிஷில் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் யாருக்காவது புரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? எனக்கு அவர்கள் முக்கியமாக இருக்கவில்லை. அவன் வாயிலிருந்து அது வரவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. முட்டாள். முட்டாள் கழுதை.

ஜூன் 12

விடியும் முன்னே மூட்டை கட்டி ரயிலுக்கு இறங்கினோம். டூரிஸ்ட்டுகள் மச்சு பிச்சு பார்க்கப் போனார்கள். நாங்கள் கூடாரங்களோடு கீழே. இத்தனை பயணத்தில் நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை. அண்ணனும் பார்க்காமலே போனான். எங்கள் முப்பாட்டன்கள் கட்டியது என்று எங்கள் ஆளே அங்கே நின்று இங்கிலீஷில் சொல்கிறான்.

ரயிலில் யாரும் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது சமையல்காரர் என் தோளில் கை வைத்து, "நல்லா சொன்னே" என்றார். அவ்வளவு மெதுவாக.

ஜூன் 20

தூக்கம் இல்லை. அவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். லைசென்ஸ் போயிருக்கும். மறுபடி சுமைக்காரனாகியிருப்பான். நான் அவனோடு இருந்திருப்பேன். இரண்டு பேரும் சுமந்திருப்போம். அது அவ்வளவு கேவலமான வாழ்க்கையா வில்பெர்? நாம் அதைத்தானே வாழ்ந்தோம்?

ஜூன் 29

வந்தான்.

ஜூன் எங்கள் மலையில் உறைபனிக் காலம். காயவைத்துச் சேமிப்பதற்காக, இரவெல்லாம் புல்லில் பரப்பி உறையவிட்ட உருளைக்கிழங்கை அம்மாவும் நானும் வெறுங்காலில் மிதித்துத் தண்ணீர் பிழிந்துகொண்டிருந்தோம். அண்ணி தோல் தள்ளிக்கொண்டிருந்தாள். மேட்டுப் பாதையில் இரண்டு ஆட்கள். வில்பெரும் அவனுடைய மாமா மெல்சோரும். தாய்வீடு போன பெண்ணை அழைக்கப் பெரியவரோடு வருவதுதான் முறை. முறைப்படி சாராயம் கொண்டுவரவேண்டும். எங்கள் வீட்டில் அது நுழையாது என்பதால் மஞ்சள் சோடா பாட்டிலும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அதை யோசித்து வாங்கியது வில்பெர்தான், எனக்குத் தெரியும். அப்படிப்பட்டதெல்லாம் அவன் யோசிப்பான்.

இளைத்திருந்தான்.

மெல்சோர் மாமா தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார். "அம்மா, சண்டை இல்லாத வீடு எது? சின்னஞ்சிறுசுங்க. ஆகஸ்டு வருது. பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

அம்மா மிதிப்பதை நிறுத்தாமலே என்னிடம் கேட்டாள்: "என்னடி சொல்றே?"

"வரேன்" என்றேன்.

வில்பெர் நிமிர்ந்தான். அண்ணி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"இப்பவே வரேன். என் மூட்டை இன்னும் பிரிக்கல, அப்படியேதான் இருக்கு. உன் லைசென்ஸ் எனக்கு வேணாம், கம்பெனிகிட்ட நீ எதுவும் போய்ச் சொல்ல வேணாம். டூரிஸ்ட்டுகிட்ட வேணாம். பாஸ்டர்கிட்ட வேணாம். எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லு. இந்தப் புல்லுமேல நின்னு, நம்ம பாஷையில சொல்லு. எலிசேயோ மேல சாராயத்தை யார் ஊத்துனா?"

அம்மாவின் கால் நின்றது.

மெல்சோர் மாமா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். என்ன செய்வதென்று புரியாமல் சோடாவைத் திறந்தார். நுரை பொங்கி அவர் கைமேல் வழிந்தது.

வில்பெர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா கிழங்குகளுக்கு நடுவிலிருந்து இறங்கி, சிவந்து விறைத்த ஈரக் காலோடு அவன் எதிரில் போய் நின்றாள். அவன் மார்பளவுதான் இருப்பாள். முகத்தை அண்ணாந்து அவனைப் பார்த்தாள். ஒருபோதும் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை, மகனைப் பார்ப்பதுபோல.

"சொல்லுப்பா" என்றாள். "நீ சொன்னா நம்புறேன். சொல்லு."